பொன்னாடைக்கு முன்னால ஒரு கேள்வி

அஞ்சாப்பு செட்டுக்காரங்களே, காலையில குரூப்பைத் திறந்தா உங்க இம்சை தாங்க முடியலை. ஒருத்தன் சூரியகாந்திப் பூப் படத்து மேல, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கன்னு எழுதிப் போடுதான். அதுக்குக் கீழ ஒருத்தி கைகூப்புற பொம்மையா வரிசையாப் போட்டுத் தள்ளுதா. இப்ப என்னடான்னா நம்ம டீச்சருக்குப் பாராட்டு விழாவாம். ராஜபாளையத்துல மண்டபம் பிடிச்சாச்சாம். நமக்கெல்லாம் கேள்வி கேட்கிற பழக்கத்தை ஊட்டி வளர்த்ததே அவியதானாம். அதை நான் மேடையேறிப் பேசணுமாம். நல்லா இருக்குலே உங்க நியாயம்! இதுக்கு என்னைய விட்டா ஆள் கிடைக்கலையா?

எனக்கு 'கொஸ்டின் பேப்பர்'ன்னு பட்டப்பேரு வச்சது யாரு? நீங்கதானே? நான் தெருவுல போனா ரெண்டு பக்கமும் நின்னு, 'கொஸ்டின் பேப்பர் வருது, ஒளிங்கலே'ன்னு கத்தினது யாரு? இன்னைக்கு எல்லாருக்கும் தலை நரைச்சுப் போச்சு, சர்க்கரை மாத்திரை போடுதீக, பேரப்பிள்ளை கேள்வி கேட்டா வீடியோ எடுத்துப் போடுதீக. நான் கேட்டப்ப உங்க கையில இருந்தது கல்லுதான்.

நான் மேடையில என்ன பேசுவேன்னு இங்கேயே எழுதிப் போடுதேன். படிச்சுப் பார்த்துட்டுக் கூப்பிடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. நீளமாத்தான் இருக்கும். நீங்க அனுப்புற மூட்டுவலி வைத்தியத்தை விட நீளமில்லை.

நாங்க அப்ப மில்லுக்குப் பின்னாடி காம்பவுண்டு வீட்டுல குடியிருந்தோம். எங்கப்பாவும் அம்மாவும் அந்த மில்லுலதான் வேலை. நூல் நூற்கிற மிஷின் வரிசையா ஓடுற இடத்துல பக்கத்துல நிக்கிறவ கத்தினாலும் காதுல விழாது. அதனால அங்க எல்லாரும் கையாலயும் உதட்டாலயும்தான் பேசுவாங்க. சாப்பாட்டு மணின்னா வயித்துல தட்டணும். மேஸ்திரி வாரார்னா மீசையை முறுக்கணும். அம்மா வேலை முடிஞ்சு தலையெல்லாம் பஞ்சோட வந்தா, காதுல இரைச்சல் அடங்க ராத்திரி ஆயிரும். அதுவரைக்கும் வீட்டுலயும் கை பாஷைதான். தண்ணி கொண்டா, விளக்கைத் தூண்டு, வாயை மூடு, எல்லாமே கைதான். வாயை மூடுங்கிறது எனக்குன்னே நேந்து விட்ட சைகை. ரெண்டு விரலால உதட்டைக் கிள்ளிக் காட்டுவா.

எனக்கு ஒரு தங்கச்சி. ஒண்ணாப்பு படிச்சா. அந்த வீட்டுல அவளை மாதிரி சமத்து கிடையாது. அம்மா கண்ணை அசைச்சா போதும், உப்பு டப்பா வந்து நிக்கும். பேச்சு மட்டும் வரலை. ம், ஆ, ப்பான்னு ஏதோ ரெண்டு சத்தம் வரும். எங்கப்பா பெருமையாச் சொல்லுவார், "எம்மவ அழுத்தக்காரி. வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு நெனைக்கா." நாக்குல வசம்பு தேய்ச்சாங்க, தேன் தடவினாங்க. இவளுக்குக் காதுல ஏதும் கோளாறு இருக்குமோன்னு ஒரு ஆளுக்குத் தோணலை. எப்படித் தோணும்? சைகை காட்டினா ஓடி வாரா. எங்க வீட்டுல எல்லாமே சைகைதானே.

எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது ஒரு நாயாலதான்.

எங்க வீட்டு ஓனருக்குத் தெலுங்கு வீட்டுப் பேச்சு. ஆளு நெட்டையா, மடிப்புக் கலையாத வேட்டியில இருப்பார். ராஜபாளையம் நாய் வளர்க்கிறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு அவரே சொல்லிக்குவார். அந்த வருசம் அவர்கிட்ட ஒரு குட்டி வளர்ந்து நின்னுச்சு. உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு ரோஸ் கலரு, கண்ணு ரெண்டும் நீலம் பாஞ்சு கிடக்கும். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. சீட்டி அடிச்சாலும் திரும்பாது. வெடி போட்டாலும் அது பாட்டுக்கு மரப்பலகை மேல படுத்திருக்கும். அதைப் பார்த்து ஊரே வாயைப் பொளந்துச்சு. "பார்த்தியா ரத்தத்தை! எஜமான் சொல்லுக்குத்தான் எந்திரிக்கும். கண்டவன் சொல்லுக்கு அசையாது"ன்னு அவர் தொடையைத் தட்டிச் சொல்லுவார். அவர் கூப்பிட்டா மட்டும் அது எந்திரிச்சு வரும்.

நான் அந்த நாயையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு வேற சோலி என்ன? அவர் கூப்பிடும்போதெல்லாம் கைத்தடியால அந்தப் பலகையில ஒரு தட்டு தட்டுவார். அதுதான் விசயம். ஒருநாள் அவர் இல்லாதப்ப நான் போய்ப் பலகையை விரலால தட்டினேன். விசுக்குன்னு எந்திரிச்சுருச்சு. பின்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். காது மடல் கூட ஆடலை.

அன்னைக்குச் சாயங்காலம் தங்கச்சி முற்றத்துல உட்கார்ந்து கோவைத்தழையால ஸ்லேட்டு துடைச்சுக்கிட்டு இருந்தா. பின்னாடி போய் நின்னு அதே மாதிரி கத்தினேன். அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்து, "என்னட்டி, பாம்பா?"ன்னா. தங்கச்சி ஸ்லேட்டைத் துடைச்சுக்கிட்டே இருந்தா.

இனிமே வாரது உங்களுக்கும் தெரியும். நீங்களும் அங்கதான் இருந்தீக.

நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்பும் அஞ்சாப்பும் ஒரே ஹால். நடுவுல ஒரு தட்டி. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டீச்சர். பேரு கூப்பிட்டா கையைத் தூக்கி 'உள்ளேன்' சொல்லணும். தங்கச்சிக்குப் பக்கத்துல உட்கார்ற பிள்ளை இவ பேரு வந்ததும் விலாவுல ஒரு இடி இடிக்கும். இவ கையைத் தூக்கிருவா. டீச்சரும் விட்டுருவாங்க. பங்குனியில அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டுருச்சு. இடிக்க ஆளில்லை.

மொத நாள் டீச்சர் அவ பேரைக் கூப்பிட்டாங்க. மறுபடியும் கூப்பிட்டாங்க. இவ ஸ்லேட்டுல பூ வரைஞ்சுக்கிட்டு இருந்தா. அடிஸ்கேலை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வந்து கெண்டைக்கால்ல ஒண்ணு போட்டாங்க. அவ துள்ளித் திரும்பினா பாருங்க, அந்த முகம் எனக்கு இன்னைக்கும் மறக்கலை. அழுகையைவிட அதுல திகைப்புத்தான் அதிகம். "எம்புட்டுத் திமிரு இருந்தா கூப்பிடக் கூப்பிடக் குனிஞ்சுக்கிட்டு இருப்பே?"ன்னு அடுத்த அடி. மறுநாளும் அடி. அதுக்கு மறுநாளும். நீங்க தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து எக்கி எக்கிப் பார்த்தீக.

ஒருநாள் டீச்சர் நமக்கு ஐம்புலன் பாடம் நடத்தினாங்க. கண்ணு பார்க்கும், காது கேட்கும்னு போய்க்கிட்டு இருந்துச்சு. நான் எந்திரிச்சேன். "டீச்சர், பொறந்ததுல இருந்தே ஒருத்திக்குக் காது கேட்கலைன்னா, அது அவளுக்கு எப்படித் தெரியும்? நமக்கு எப்படித் தெரியும்?"

இதுல என்னலே தப்பு? சொல்லுங்க. இன்னைக்கு உங்க பேத்தி இதைக் கேட்டா ஊரு பூரா அனுப்ப மாட்டீகளா?

"பாடத்துல இருக்கிறதைக் கேளு"ன்னாங்க டீச்சர்.

"பாடத்துல இல்லை டீச்சர். தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு. எந்தங்கச்சிக்குக் காது..."

முடிக்க விடலை. "அதிகப்பிரசங்கி! தங்கச்சி அடி வாங்குதான்னு கதை கட்டுதியா? வெளியில போய் முட்டி போடு." நீங்க சிரிச்சீக. அன்னைக்கு மத்தியானம் வெயில்ல ஜல்லிக்கல்லு மேல முட்டி போட்டிருந்தப்பத்தான் ஒருத்தன் ஜன்னல் வழியா எனக்கு அந்தப் பேரை வச்சான். ஆளு இந்த குரூப்புல அட்மினா இருக்கான். நல்லா இருலே.

வீட்டுல சொன்னேன். அம்மா உதட்டைக் கிள்ளிக் காட்டினா. அப்பா, "வாய் வளருது உனக்கு"ன்னார்.

சரி, நாயை வச்சு நிரூபிச்சிரலாம்னு பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பால்கோவா கடைக்காரர் ஒருத்தர் அந்த நாயை வாங்க வந்தார். ஓனர் நெஞ்சை நிமித்திக்கிட்டு ரத்தம், வம்சம்னு அளந்து விட்டுக்கிட்டு இருந்தார். காம்பவுண்டு ஆளுக எல்லாம் சுத்தி நின்னாங்க. எங்கப்பாவும் நின்னார். நான் கூட்டத்துல பூந்து முன்னால போனேன்.

"தாத்தா, பலகையைத் தட்டாம ஒரு தடவை கூப்பிடுங்களேன். வருதான்னு பார்ப்போம்."

ஓனர் முகம் கறுத்துப்போச்சு. நாயோட குறை அவருக்கு முன்னமே தெரியும். அன்னைக்கே அந்த முகத்துல பார்த்துட்டேன். பால்கோவா கடைக்காரர் மட்டும், "ஏன் பாப்பா அப்படிக் கேக்கே?"ன்னார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஓனர், "ஏமே பிள்ளா, எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?"ன்னு கத்தி, எங்கப்பா பக்கம் திரும்பி, "உம் மவளுக்கு வாய் இம்புட்டு நீளம்னா வேற வீடு பார்த்துக்கோ"ன்னுட்டார். அப்பா அத்தனை பேர் முன்னால என்னைய அடிச்சார். நாய் வித்துப்போச்சு.

அடிச்சதை விடுங்க. எங்கப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏம்மா உனக்கு இப்படித் தோணுச்சுன்னு விசாரிச்சிருந்தார்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அந்த மனுசனுக்கு மகளைவிட வீட்டு ஓனர் முகம் முக்கியமாப் போச்சு. செத்துப்போனவரைப் பத்தி இப்படிச் சொல்லலாமான்னு கேட்காதீக. சொல்லுவேன்.

அதுக்குப் பொறவு தங்கச்சி கிட்ட ஒரு மாத்தம். விடியுறதுக்குள்ள எந்திரிச்சு ஸ்லேட்டுத் துடைக்க உட்கார்ந்துருவா. கோவைத்தழையால தேய்ச்சு, துணியால துடைச்சு, வெயில்ல காட்டிப் பார்த்து மறுபடியும் தேய்ப்பா. ஒருநாள் செவப்பு ரிப்பன் வேண்டாம்னு பிடுங்கிப் போட்டு நீலம் கட்டச் சொன்னா. ஒருநாள் பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா. "எம்புட்டுச் சுத்தம் பாரு எந்தங்கத்துக்கு"ன்னு அம்மா நெட்டி முறிச்சா. எனக்கும் ஒண்ணும் புரியலை. அதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். ஆண்டாள் கையில இருக்கிற தழைக் கிளியைத் தொட்டா பிள்ளைக்குப் பேச்சு வரும்னு மில்லுல யாரோ அம்மாகிட்டச் சொல்லிட்டாங்க. தூக்குவாளியில புளியோதரை கட்டிக்கிட்டு நாலு பேரும் பஸ் ஏறினோம். கிளி கிடைக்கலை. கூட்டத்துல அம்மா கெஞ்சிப் பார்த்துட்டு முகம் தொங்கிப்போய் வெளியில வந்தா. பிள்ளைகளுக்குப் பால்கோவாவாவது வாங்கிக் குடுப்போம்னு அப்பா கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போனார். அந்தத் தெருவே பால் சுண்டுற வாசத்துல கிடந்துச்சு.

அங்க ஒரு கடை முன்னால, நடுரோட்டுல, சுகமா அந்த வெள்ளை நாய் படுத்துக்கிடந்துச்சு. தங்கச்சி பார்த்துட்டா. அம்மா கையை உதறிட்டு ஓடிப்போய் அது முன்னால குத்தவச்சு உட்கார்ந்து, அது கழுத்தைக் கட்டிக்கிட்டா. பின்னாடி மதுரை பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு.

டிரைவர் ஹாரன் அடிச்சார். நாய் எந்திரிக்கலை. இவளும் எந்திரிக்கலை. விடாம அடிச்சார். கடைத்தெருவுல ஒருத்தன், "ராஜபாளையத்து நாயில்லா, பஸ்ஸுக்கெல்லாம் எந்திரிக்குமா!"ன்னு சிரிச்சான். பஸ் வந்துக்கிட்டே இருக்கு. எனக்குக் கால் வரலை, வாய்தான் வந்துச்சு. "ரெண்டுக்கும் காது கேக்காது! நிறுத்துங்க! ரெண்டுக்கும் காது கேக்காது!"

பஸ் கிறீச்சுன்னு நின்னுச்சு. இவ தலைக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு ஆள் நுழைய இடமில்லை. வண்டி நின்ன அதிர்வு தரையில வந்ததும்தான் ரெண்டும் தலையைத் தூக்கினது. டிரைவர் இறங்கி வந்து, "பிள்ளையை வளர்க்கீகளா, எருமை மாட்டை வளர்க்கீகளா?"ன்னு அப்பாவைப் பிடிச்சு ஏசினார். அப்பா ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தி முதுகுல அறைஞ்சார். "இம்புட்டு ஹாரன் அடிக்கான், அசையாம இருக்கியே, அவ்வளவு திமிரா?"

ரெண்டாவது அடிக்கு ஓங்கின கையை அம்மா பிடிச்சுட்டா. "செத்த சும்மா இருங்க"ன்னா. அப்பா முகத்தைப் பார்க்கலை. என்னையத்தான் பார்த்தா. பொறவு தூக்குவாளி மூடியைக் கழட்டினா. தங்கச்சிக்குப் பின்னாடி போய் நின்னு, வாளியில அந்த மூடியால ஓங்கி அடிச்சா. மறுபடியும் அடிச்சா. கடைத்தெரு பூரா திரும்பிப் பார்த்துச்சு. தங்கச்சி திரும்பலை. நாயும் திரும்பலை. அவ நாய்க்குத் தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே நின்னா. அம்மா மூடி நசுங்குற வரைக்கும் அடிச்சா. அப்புறம் ரோட்டுலயே உட்கார்ந்துட்டா.

கூட்டத்துல எங்கிட்டப் பேசினது அந்தப் பால்கோவா கடைக்காரர் ஒருத்தர்தான். "அன்னைக்கு நீ சொன்னது இதைத்தானாம்மா? நாந்தான் புரிஞ்சுக்கலை"ன்னார். அதுக்குப் பொறவு நாயை உள்ளுக்குள்ள கட்டிப்போட்டு நல்லாத்தான் வளர்த்தார். எனக்கு நியாயம் சொன்ன ஒரே பெரியமனுசன் அந்த அன்னியர்தான்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் காது ரெண்டுலயும் என்னென்னவோ வச்சுப் பார்த்துட்டு, இது பொறவியிலேயே உள்ளது, பேச்சுப் பழக்குற வயசுல பாதியை வீணாக்கிட்டீகளேன்னார். "இத்தனை வருசமா வீட்டுல யாருக்குமே சந்தேகம் வரலையா?"ன்னார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அழுதா. நான் பக்கத்துலதான் நின்னேன். இந்தா நிக்காளே, இவளுக்கு வந்துச்சு சார்னு சொல்ல அவங்க ரெண்டு பேருக்கும் வாய் வரலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை, ஆறவும் வேண்டாம்.

தங்கச்சியைக் காது கேளாதோர் பள்ளிக்கூடத்துல ஹாஸ்டல்ல போட்டாங்க. அங்க போய்த்தான் அவளுக்குப் பேருன்னு ஒண்ணு உண்டுன்னே தெரிஞ்சுச்சு. அம்மா அவளோட டி.சி. வாங்க நம்ம டீச்சர்கிட்டப் போனா. டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு." நான் அம்மா பக்கத்துல நின்னு கேட்டேன், "அப்புறம் எதுக்கு டீச்சர் அடிச்சீங்க?" அம்மா உதட்டைக் கிள்ளிக் காட்டினா. டீச்சர் டி.சி.யில கையெழுத்துப் போட்டாங்க.

நான் ஒண்ணும் பெரிய ஆளாகலை. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவ. ஏன் சார் இப்படின்னு கேட்டே ஊர் ஊரா மாத்தல் வாங்கினவ. அதுக்கு நான் வருத்தப்படலை. ரோட்டுல அன்னைக்கு எனக்குக் கால் வராதப்ப வந்த வாய் அது.

தங்கச்சி சிவகாசியில ஒரு பிரஸ்ஸுல பைண்டிங் வேலை பார்த்தா. பேரன் பேத்தி எடுத்துட்டா. முந்தாநாள் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப என் போன்ல உங்க அழைப்பிதழைப் பார்த்தா. டீச்சர் போட்டோவை விரலால பெருசாக்கிப் பார்த்தா. அப்புறம் குனிஞ்சு கெண்டைக்காலைத் தொட்டா.

'இவங்க எதுக்கு என்னைய அடிச்சாங்க?'ன்னு கையால கேட்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது அவளுக்குத் தெரியும்னுதான் நான் இத்தனை காலம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 'பேரு கூப்பிட்டும் நீ கையைத் தூக்கலை, திமிருன்னு நெனச்சாங்க'ன்னேன்.

பொறவு கை மெதுவா வந்துச்சு. 'ஸ்லேட்டு அழுக்கா இருக்குன்னு அடிக்காங்கன்னு நெனச்சேன். தொடச்சுப் பார்த்தேன். ரிப்பனை மாத்திப் பார்த்தேன். பாவாடையை இறக்கிப் பார்த்தேன். எதுக்கும் நிக்கலை. எதுன்னு கண்டுபிடிக்க முடியலை.' கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'நீ சொல்லுறது உன் பதில். அவங்க பதில் எனக்கு வேணும்'ன்னா.

அதனால விழாவுக்கு நான் வாரேன். அவளும் வருவா. முன் வரிசையில ரெண்டு நாற்காலி போடுங்க. பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா எல்லாம் அப்புறம் வச்சுக்கோங்க. மொதல்ல அவ கையால கேட்பா, நான் வாயால சொல்லுவேன். டீச்சருக்கு வயசாயிருச்சு, எந்திரிக்க வேண்டாம், உட்கார்ந்தே பதில் சொல்லட்டும். அவிய சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் கைதட்டி மழுப்பக் கூடாது. என்னைய குரூப்பை விட்டுத் தூக்கினாலும் நாங்க வருவோம், மண்டபம் எங்களுக்குத் தெரியும்.

டீச்சர்கிட்ட ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைங்க. அவ ஸ்லேட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு.